முதுகுக்குப் பின்னால் நின்று மாட்டிவிட்ட ஹெட்போன்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நார்த்ரிட்ஜ் என்ற ஊரில் ஹார்மன் நிறுவனத்தின் ஒலி ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் நிற்கும் உதவியாளர் ஒரு ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்டிவிடுகிறார். பாட்டு ஓடுகிறது. கேட்டவர் மதிப்பெண் போடுகிறார். உதவியாளர் அதைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டுகிறார். எந்தக் கம்பெனி, என்ன விலை, என்ன நிறம் என்பதெல்லாம் கேட்பவருக்குத் தெரியாது. ஷான் ஆலிவ், டாட் வெல்டி என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் ஆறு ஹெட்போன்களை வைத்து நடத்திய சோதனை இது.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எடையும், காதை அழுத்தும் விதமும், மெத்தையின் துணியும் தோலும் தலைக்குத் தெரிந்துவிடும். ஆகவே பிறகு வந்த சோதனைகளில் ஒரே ஹெட்போனை மாட்டிவிட்டு, மற்ற ஹெட்போன்களின் ஒலி எப்படியிருக்குமோ அப்படி அதையே மின்னணு முறையில் மாற்றி மாற்றி ஒலிக்கவைத்தார்கள். காதைத் தவிர வேறெதுவும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காக எடுத்துக்கொண்ட பாடு இது. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று ஹெட்போனுக்குச் செலவழிக்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தச் சோதனைகளைத்தான்.

ஒரு ஹெட்போன் 'உள்ளதை உள்ளபடி' ஒலிக்கிறது என்றால் என்ன பொருள்? ஒலிபெருக்கிக்கு விடை எளிது. தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் வெளியிட்டால் அது நல்ல ஒலிபெருக்கி. ஹெட்போனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எதிரிலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி தோளிலும் தலையிலும் பட்டு, செவிமடலின் மடிப்புகளில் திரும்பி, காதுக் குழாய்க்குள் நுழைந்து செவிப்பறையைச் சேர்கிறது. அந்தக் குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். புல்லாங்குழலின் காற்றுத் தம்பத்தைப் போல அதற்கும் சொந்தமாக ஒரு சுருதி உண்டு. ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் அது ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். பிறந்ததிலிருந்து இப்படியே கேட்டுப் பழகியதால் நம் மூளைக்கு அதுதான் இயல்பு. ஹெட்போன் காதுக்கு நேராக உட்கார்ந்து இந்தப் பயணத்தின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடுவதால், அந்த ஏற்றத்தை அதுவே போட்டுத் தர வேண்டியிருக்கிறது.

நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கி செவிப்பறையில் எப்படி ஒலிக்குமோ, அதை இலக்காக வைத்து ஆலிவ் குழு ஒரு வரைகோட்டை உருவாக்கியது. 'ஹார்மன் வளைவு' என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அடித்தளத்தில் பேஸ் கொஞ்சம் கூடுதல், 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு, அதன்பின் சரிவு. கேட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இது பிடித்தது. மற்றவர்களில் சிலர் இன்னும் பேஸ் கேட்டார்கள், சிலர் பேஸைக் குறைக்கச் சொன்னார்கள். ஹார்மன் தானே ஹெட்போன் விற்கும் நிறுவனம் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் முறையையும் முடிவையும் ஆய்வேடுகளாக எல்லோர் முன்னும் வைத்ததால், போட்டிக் கம்பெனிகளும் அந்த வளைவைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன.

விலை எங்கே வருகிறது? 2017இல் யெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, அவற்றின் கடை விலையோடு ஒப்பிட்டார். அதிர்வெண் சமநிலைக்கும் விலைக்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. விலை ஏறினால் ஒலி அந்த இலக்கை நெருங்கும் என்று நம்ப இடமில்லை என்பதே இதன் சாரம்.

அப்படியானால் கூடுதல் பணம் எதை வாங்கித் தருகிறது? கணிசமான விஷயங்களைத் தருகிறது. பெரும்பாலான ஹெட்போன்களில் ஒலியெழுப்புவது ஒரு சிறு சவ்வு. அதன் நடுவில் ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்துக்கு நடுவே முன்னும் பின்னும் ஓடும். பிளானர் மேக்னெடிக் வகையில் கடத்தி சவ்வு முழுக்கப் பரவியிருப்பதால் மொத்தப் பரப்பும் ஒன்றாக அசைகிறது. அமெரிக்காவின் ஆடிஸி, சீனாவின் ஹைஃபைமேன் ஆகியவை இதற்குப் பேர்போனவை. பேஸின் கடைசிப் படி வரை தளராமல் இறங்குவது இதன் பலம். காந்தங்களின் கனம் இதன் குறை. ஆடிஸியின் சில மாடல்கள் அரை கிலோவைத் தாண்டும்.

எலக்ட்ரோஸ்டாடிக் வகையில் சவ்வில் சுருளும் இல்லை, காந்தமும் இல்லை. மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய சவ்வை இரண்டு துளையிட்ட தகடுகளுக்கு நடுவே நிறுத்தி, நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுத்து மின்புலத்தால் அசைக்கிறார்கள். ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் சென்ஹைசர் 2015இல் அறிவித்த ஹெச்இ 1 இந்த வகையின் உச்சம். பிளாட்டினம் பூசிய 2.4 மைக்ரான் சவ்வு, கராரா பளிங்கில் உட்காரும் வெற்றிடக் குழாய் ஆம்ப்ளிஃபையர் என்று அமைந்த அதன் விலை அறிவித்தபோது சுமார் 50,000 யூரோ.

உயர்ந்த விலையிலும் குறை வரும், அளந்து பார்த்தால் அது தீரும் என்பதற்கும் அதே நிறுவனத்திடம் ஓர் உதாரணம் இருக்கிறது. 2009இல் வந்த ஹெச்டி 800, இசைக்கருவிகள் தலையைச் சுற்றி அகலமாக அமர்ந்திருப்பதுபோலக் காட்டியதற்காகக் கொண்டாடப்பட்டது. ஆனால் 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் அதில் ஒரு கூர்முனை இருந்தது. வயலின் வில்லின் உரசலும் பாடகரின் 'ஸ்'ஸும் சிலர் காதில் குத்தின. 2016இல் வந்த ஹெச்டி 800 எஸ், அந்த இடத்தில் மட்டும் ஒலியை உறிஞ்சும் ஓர் அமைப்பைச் சேர்த்து அதைத் தணித்தது. அதே வீட்டின் ஹெச்டி 600 வெளிவந்தது 1997இல். விலை இதைவிட மிகக் குறைவு. அடி பேஸ் சற்று மெலிந்ததுதான். ஆனாலும் மனிதக் குரலை இத்தனை இயல்பாகத் தருபவை எந்த விலையிலும் குறைவு. மெத்தை, வயர் எல்லாம் கையால் கழற்றி மாட்டக்கூடியவை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அது சந்தையில் இருப்பதில் வியப்பில்லை.

அதன் மின்தடை 300 ஓம். சில போன்களில் நேரடியாகச் செருகினால் சத்தம் போதாமல் போகலாம். தனி ஆம்ப் தேவைப்படும். ஹெட்போனை விலை கேட்கும்போதே இந்தச் செலவையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

கடையில் இரண்டை மாற்றி மாற்றிக் கேட்பவர்கள் ஏமாறும் இடம் வேறு. ஒரே அளவு மின்சாரத்துக்கு ஒரு ஹெட்போன் உரக்க ஒலிக்கும், இன்னொன்று மெதுவாக ஒலிக்கும். ஒன்றிரண்டு டெசிபல் கூடினாலே அது சத்தம் அதிகமானதாகத் தோன்றுவதில்லை, தெளிவு அதிகமானதாகத் தோன்றும். 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் காட்டியதுபோல, சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகளைக் காது வேகமாக இழக்கிறது. கூடும்போது பேஸ் தானாக எழுந்து வருகிறது. ஆகவே ஒப்பிடும் முன், பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே உரத்தில் கேட்கும்வரை சத்தத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பல 'இரவு பகல் வித்தியாசங்கள்' மறைந்துவிடும்.

எதைப் போட்டுக் கேட்பது? பழக்கமான பாட்டைத்தான். கர்நாடக இசை கேட்பவர்களிடம் இதற்கென்றே செய்ததுபோல இரண்டு கருவிகள் இருக்கின்றன. சாதாரணத் தோல் மேளத்தின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாது. மிருதங்கத்தின் வலந்தலையிலுள்ள கறுப்புப் பூச்சு அவற்றை வரிசைப்படுத்தி, கம்பிக் கருவியைப்போல ஒத்திசைந்த மேல்சுரங்களைத் தருகிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். வலந்தலையின் அந்த மணியோசையும் இடப்பக்கத் தொப்பியின் கனமான 'தொம்'மும் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று மூடாமல் கேட்கிறதா என்று பார்க்கலாம். தம்புராவில் குதிரைக்கும் கம்பிக்கும் இடையே வைக்கும் பஞ்சு நூல்தான் அந்தப் பொன்னிற ரீங்காரத்தை எழுப்புகிறது. மேல் அதிர்வெண்களில் பள்ளம் இருக்கும் ஹெட்போனில் அந்த ரீங்காரம் மங்கி, வெறும் முனகலாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும், மாட்டும் தலை மாறினால் ஒலி மாறும். மூடிய வகை ஹெட்போனில் மெத்தை கன்னத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் பேஸ் நிற்கும். மூக்குக்கண்ணாடியின் காம்பு, ஒரு ஜிமிக்கி, காதோரம் ஒதுங்கிய முடிக்கற்றை போதும், இடுக்கு விழுந்து பேஸ் கசிந்துவிடும். திறந்த வகையில் காற்று புழங்கும். நம் ஊர் வெயிலுக்கு அது இதம். ஆனால் மின்விசிறியின் இரைச்சலும் குக்கர் விசிலும் உள்ளே வரும். அவற்றை அமுக்கச் சத்தத்தைக் கூட்டினால் காதுக்குத்தான் கேடு. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். பேருந்திலும் ரயிலிலும் கேட்பவர்களுக்கு மூடிய வகையோ, இரைச்சல் நீக்கும் வகையோதான் பொருந்தும்.

பழையதையும் புதியதையும் ஒப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓரிரு ஆண்டு உழைத்த மெத்தையின் பஞ்சு அமுங்கி, காதுக்கும் சவ்வுக்கும் உள்ள தூரம் குறைந்திருக்கும். ஒலியின் சமநிலையும் அதோடு நகர்ந்திருக்கும். புதிய ஹெட்போனுக்குப் பணம் கட்டும் முன், பழையதற்குப் புது மெத்தை போட்டு, அதே தம்புராவை ஒரு மாலை முழுக்கக் கேட்டுப் பார்க்கலாம்.