திருவாதிரையும் திறன்பேசியும்

மார்கழி முன்னிரவில், அடையாற்றை அடுத்த எலியட்ஸ் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால், கடலுக்கு மேலே செந்நிறம் கலந்த விண்மீன் ஒன்று சுடர்விடும். அதுவே திருவாதிரை. ஓரியன் விண்மீன் குழுவைச் சேர்ந்த இதனை மேலைநாட்டார் பெட்டல்ஜியூஸ் என்பர். இதனைத் திறன்பேசியில் படம்பிடிக்க முயல்வோர் பலருக்கும் முதலில் கிடைப்பது கலங்கிய இருட்டே.

இதற்குக் காரணம் வில்லையின் சிறுமை. இருளுக்குப் பழகிய இளையோரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விரியும். திறன்பேசியின் முதன்மை வில்லைத் திறப்போ பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவினதே. கண்ணினும் குறைவான ஒளியே அதனுள் நுழைகிறது. ஆயினும், கண்ணுக்கு இல்லாத ஓர் ஆற்றல் அதற்கு உண்டு. கண் ஒரு நொடியின் சிறு பகுதிக்குமேல் ஒளியைச் சேர்த்துவைப்பதில்லை. ஒளிப்படக்கருவியின் உணரியோ பல நொடிகள் சேர்த்துவைக்கும்.

அந்நேரத்தையும் விருப்பம்போல நீட்ட இயலாது. புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அகன்ற கோண வில்லையிலும் ஏறத்தாழ 20 நொடிகளுக்குமேல் விண்மீன்கள் கோடுகளாக நீளத் தொடங்கும். ஆகவே, குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்து, விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி காண்பது வழக்கமாயிற்று. 16 படங்களை இவ்வாறு இணைத்தால், உணரியில் தோன்றும் வீண்புள்ளிகளின் கலக்கம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 2019இல் வெளிவந்த கூகுள் பிக்சல் 4 திறன்பேசி, தலா 16 நொடிகள் வரையிலான 15 படங்களைத் தானே இணைத்தது. கருவி அசையாதிருத்தல் இன்றியமையாதது. முக்காலி இல்லையேல், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இரு செங்கற்களுக்கிடையே நிறுத்தினாலும் போதும். விரல் பட்டு அசையாதிருக்க, நேரங்காட்டி வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

சென்னையில் இடர் வேறு. தியாகராய நகர்க் கடைத்தெருக்களின் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் சிதறி வானையே வெளிறச் செய்கிறது. நெடுநேரம் திறந்துவைத்தால் விண்மீனின் ஒளியோடு இவ்வெளிறலும் சேர்ந்து படத்தை நிரப்பிவிடும். எனவே, நகரில் இரண்டு மூன்று நொடிப் படங்களே ஏற்றவை. மயிலாப்பூர் மாடியைவிடக் கடற்கரை நன்று; கிழக்கே கடல் விரிந்திருப்பதால் அத்திசையில் விளக்கொளி குறைவு.

நிலவுக்கு இம்முறை பொருந்தாது. அது வெயில் பட்ட பாறை. மிகக் குறுகிய நேரமே போதும். நிலவை அடையாளம் கண்டு, வில்லை காணாத நுட்பங்களையும் தாமே கூட்டிக் காட்டும் மென்பொருள்கள் சில கைப்பேசிகளில் உள்ளன. அழகுக்கு அவை உதவலாம், சான்றாக மாட்டா.

சான்று ஏன் வேண்டும்? நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி என்னும் விண்மீனின் ஒளி மாறுவதை 1867இல் கண்டறிந்தார். ஒரே விண்மீனை வெவ்வேறு நாள்களில் நோக்கி, அளவைப் பொய்யின்றிக் குறித்து, ஒப்பிட்டதே அப்பணி. 1899இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் நுங்கம்பாக்க வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

அத்தகைய ஒப்பீடு வெறுங்கண்ணுக்கும் எட்டிய காலம் ஒன்று அண்மையில் வந்தது. 2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியின் பாதிக்கும் கீழே சென்றது. அதனின்று வெளிப்பட்ட தூசு மறைத்ததே காரணம் என்பர் ஆய்வாளர். ஓரியனின் மற்றொரு தோளாகிய பெல்லாட்ரிக்ஸ், எப்போதும் அதனினும் மங்கலானது, அப்போது ஏறத்தாழ அதற்கு இணையாகத் தோன்றியது. இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். விண்மீன் வெண்புள்ளியாக வெளிறிவிடாத குறுகிய நேரத்தில், அழகூட்டும் அமைப்புகளை நிறுத்தி, திங்களுக்கு ஒருமுறை ஒரே இடத்திலிருந்து எடுத்து, நாளும் நேரமும் குறித்துவைத்தால், இவ்விரு தோள்களின் ஒளியையும் அடுத்தடுத்த படங்களில் ஒப்பிடலாம்.