பொருந்துகிற கதையெல்லாம் உண்மையில்லை

மனநல மருத்துவமனையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவந்த ஒரு பெண், துடைப்பமும் கையுமாகவே வார்டில் நிற்கத் தொடங்கினார். பிறர் வாங்கப் பார்த்தால் கொடுக்க மறுத்தார். ஏன் இப்படிச் செய்கிறார் என்று மனநல மருத்துவர்களிடம் கேட்கப்பட்டது. துடைப்பம் அவர் மனத்தில் அன்பு காட்டும் குழந்தையாகவோ, ஆண்குறியின் குறியீடாகவோ, சர்வ வல்லமை பெற்ற அரசியின் செங்கோலாகவோ இருக்கலாம் என்று விளக்கம் தந்தார் ஒருவர்.

உண்மை வேறு. துடைப்பத்தைப் பிடித்திருக்கும்போது அவருக்கு சிகரெட் கொடுக்கும்படி ஆய்வாளர்களே ஊழியர்களிடம் சொல்லியிருந்தார்கள். சிகரெட் நின்றது, பழக்கமும் போய்விட்டது. டியோடோரோ அய்லான் குழு 1965-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு நோயாளியை இப்படிப் பயன்படுத்த இன்றைய அறநெறி இடம் தராது. ஆனால் அது காட்டிய ஆபத்து இன்றும் இருக்கிறது: மனித நடத்தைக்கு அழகான காரணம் கற்பிப்பது மிக எளிது, அது சரிதானா என்று பார்ப்பதுதான் கடினம்.

உளவியல் சிகிச்சையில் 'கேஸ் ஃபார்முலேஷன்' என்ற பணி இந்தக் கடினமான இடத்தில்தான் தொடங்குகிறது. வந்தவர் சொல்வதைக் கேட்டு, இந்தப் பிரச்சினை இவருக்கு ஏன் வந்தது, ஏன் போகாமல் நிற்கிறது என்று ஒரு தற்காலிக விளக்கத்தை அவரோடு சேர்ந்து உருவாக்குவது. 1950-களிலேயே லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் மான்டி ஷபிரோ, ஒவ்வொரு நோயாளியையும் தனி அறிவியல் கேள்வியாக அணுக வேண்டும், ஊகித்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு ஓடும் பேருந்தில் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, தலை சுற்றுகிறது. செத்துவிடுவோம் என்றே நினைக்கிறார். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். ஆனாலும் மறுபடி வருகிறது. 'பேனிக் டிஸார்டர்' என்று பெயர் கிடைக்கிறது. இதே பெயர் ஆயிரம் பேருக்கு உண்டு. இவருடைய பாதை எது?

உளவியலாளர் பொதுவாக ஐந்து கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போகிறார். இப்போது என்ன கஷ்டம்? முன்பே இவரை இதற்கு ஆளாகும்படி வைத்தது எது? கிளப்பிவிட்டது எது? தொடரவைப்பது எது? தாங்கிப் பிடிப்பது எது? இவருடைய அப்பா மாரடைப்பில் இறந்தவர். புது வேலை, தூக்கமில்லாத இரவுகள், அளவில்லாத காபி ஆகியவற்றுக்கு நடுவே முதல் தாக்குதல் வந்தது. விஷயம் தெரிந்த மனைவி உறுதுணையாக இருக்கிறார்.

நான்காவது கேள்விதான் ஆழமானது. டேவிட் கிளார்க் 1986-இல் முன்வைத்த விளக்கப்படி, சாதாரணப் படபடப்பை 'மாரடைப்பு' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது. படபடப்பு இன்னும் ஏறுகிறது. 'பார், மாரடைப்பேதான்' என்று பயம் உறுதியாகிறது. சுழல் இறுகுகிறது. படபடத்ததும் இவர் உட்கார்ந்துவிடுகிறார், தண்ணீர் குடிக்கிறார், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறார். பிழைத்தது அதனால்தான் என்று நம்புகிறார். உட்காராவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே வருவதில்லை. காப்பாற்றுவதாகத் தோன்றும் செயலே பயத்தைக் காப்பாற்றி வைக்கிறது என்பதை விளக்கியவர் பால் சல்காவ்ஸ்கிஸ்.

இதைச் சோதிக்கலாம். உடலில் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, இவர் சம்மதத்தோடு, அறையிலேயே ஓரிரு நிமிடம் வேகவேகமாக மூச்சுவிடச் சொல்கிறார் உளவியலாளர். இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது, விரல் நுனிகள் மரமரக்கின்றன.

"பஸ்ல வந்தது இதே மாதிரியா, சார்?"

"இதேதான், மேடம்!"

உளவியலாளரின் ஊகத்துக்கு முதல் ஆதாரம் கிடைத்தது. 'இல்லை மேடம், எனக்கு சாவு பயம் இல்லை. நாலு பேர் முன்னாடி விழுந்துட்டா என்ன நினைப்பாங்கங்கிறதுதான்' என்று இவர் சொல்லியிருந்தால்? சாவைச் சுற்றி வரைந்த விளக்கத்தை அழித்து, வெட்கத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும், சோதனையும் மாறும். வந்தவர் சொல்லும் 'அப்படி இல்லை' என்பதை மறுப்பாக எண்ணாமல் தகவலாக ஏற்பவரே நல்ல உளவியலாளர்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஜெர்மனியில் டீட்மார் ஷுல்ட்டே குழு 120 ஃபோபியா நோயாளிகளிடம் செய்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஆளுக்கேற்றபடி வடிவமைத்த சிகிச்சை, எல்லோருக்கும் பொதுவான பயிற்சியை மிஞ்சவில்லை. நேரடியான பயத்துக்கு நிரூபிக்கப்பட்ட வழியே போதும். பல பிரச்சினைகள் பின்னிக் கிடக்கும்போதும், பொதுவழி பலிக்காதபோதும்தான் தனி விளக்கத்தின் தேவை கூடுகிறது. தன் வாழ்க்கையை இப்படி ஒரே வரைபடமாகப் பார்ப்பது சிலருக்குத் தெளிவு தரும். சிலருக்குத் துயரம் தரும். அதனால் எப்போது, எவ்வளவு பகிர்வது என்பதிலும் நிதானம் வேண்டும்.

ஆனாலும் இந்தப் பணியின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அப்பாவின் மரணத்தை யாராலும் மாற்ற முடியாது. முதல் தாக்குதல் வந்த நாளையும் அழிக்க முடியாது. பிரச்சினையைத் தொடரவைப்பது மட்டும் இன்று, இங்கே நடக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால், 'எனக்கு ஏன் இப்படி?' என்று வந்தவர், 'நாளைக்கு பஸ்ஸில் உட்காராமல் நின்று பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகலாம்.