ஓயாமல் குரைக்கும் குட்டி நாய்! அதற்குக் "கூலி" கொடுப்பதே வீட்டுக்காரர்தான்!

அடித்தால் அடங்காது, அடக்க வேறு வழி இருக்கிறது

சென்னை:-

காலை 5 மணிக்குப் பால் பாக்கெட் போடுகிறவர் வந்தால் "வள்!" பேப்பர் போடும் பையன் சைக்கிளை நிறுத்தினால் "வள், வள்!" லிப்ட் நின்றால், எதிர் வீட்டுக் கதவு திறந்தால், கியாஸ் சிலிண்டர் உருண்டால் "வள், வள், வள்!"

உயரமோ ஒரு முழம்கூட இல்லை. சத்தமோ நாலு மாடிக்குக் கேட்கிறது.

அடுக்கு மாடி வீடுகளில் இது தீராத வழக்கு.

"ஏம்மா, ராத்திரி டியூட்டி பார்த்துட்டு வந்து இப்பத்தான் கண்ணை மூடினேன். உங்க நாய் வாயை மூடவே மூடாதா?" என்று மாடி வீட்டுக்காரர் கேட்பார்.

"நாய்னா குரைக்காம பாட்டா பாடும்?" என்று கீழ் வீட்டு அம்மா திருப்பிக் கேட்பார்.

பேச்சு தடிக்கும். குடியிருப்போர் சங்கக் கூட்டம் வரை போகும். வாடகைக்கு இருப்பவர் என்றால், "ஒண்ணு நாய் போகணும், இல்லே நீங்க போகணும்" என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிடுவார். கடைசியில் ஒரு நாள் ராத்திரி, நாயைக் கொண்டுபோய் ஏதோ ஒரு தெருமுனையில் இறக்கி விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறவர்களும் உண்டு.

சோபாவில் தூங்கிப் பழகிய நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. தெரு நாய்கள் தங்கள் எல்லைக்குள் விடாது. லாரி, பஸ்சுக்கு ஒதுங்கவும் தெரியாது. குரைத்த குற்றத்துக்கு அதற்குக் கிடைப்பது மரண தண்டனை!

இந்த நிலை வராமல் தடுக்க முடியும். அதற்கு முதலில், நாய் எதற்காகக் குரைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பரம்பரைத் தொழில்

வளர்ந்த ஓநாய் அபூர்வமாகத்தான் குரைக்கும். அதே வம்சத்தில் வந்த நாய் ஓயாமல் குரைக்கிறது. காரணம், மனிதன்தான். காவலுக்கும் வேட்டைக்கும் சத்தம் போடும் நாய்தான் வேண்டும் என்று தேடித் தேடி வளர்த்தான்.

குட்டைக் கால், நீள உடம்பு கொண்ட டாஷ்ஹண்ட் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஜெர்மனி நாட்டு நாய். பூமிக்கு அடியில் வளைக்குள் இருக்கும் பேட்ஜர் என்ற பிராணியை வேட்டையாட வளர்க்கப்பட்டது. "இங்கே இருக்கிறது" என்று மேலே நிற்கும் வேட்டைக்காரனுக்கு வளைக்குள் இருந்து கேட்க வேண்டும். அதனால்தான் சின்ன உடம்புக்கு அவ்வளவு பெரிய குரல்!

பாமரேனியனும் ஒரு காலத்தில் பெரிய நாயாக இருந்த இனம்தான். விக்டோரியா மகாராணி 1888-ல் இத்தாலிக்குப் போனபோது அங்கிருந்து ஒரு சிறிய பாமரேனியனை வாங்கி வந்தார். அதன் பிறகு சின்ன உருவத்துக்கு மவுசு ஏறியது. உருவம் சுருங்கியது, காவல்கார புத்தி மட்டும் சுருங்கவில்லை. நம் ஊரில் "பாமரேனியன்" என்று சொல்லி வளர்க்கப்படும் வெள்ளை நாய்களில் பல, உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வகை. காவல் விஷயத்தில் அதுவும் சளைத்தது அல்ல.

காதும் கூர்மை. மனிதனின் காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். நாயின் காது சுமார் 45 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு ஒன்றுமே கேட்காதபோது அது குரைத்தால், பைத்தியம் பிடித்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

தபால்காரர் ஓடினார்!

இது பிறவிக் குணம். ஆனால் ஓயாமல் குரைப்பது பெரும்பாலும் பழக்கத்தில் வருவது. குரைத்தால் ஏதோ ஒரு பலன் கிடைக்கிறது, அதனால் குரைக்கிறது. அந்தப் பலன்தான் அதற்குக் கூலி.

தபால்காரர் வருகிறார். நாய் குரைக்கிறது. தபாலைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடுகிறார். "நாம் விரட்டினோம், ஓடிவிட்டான்" என்று நாய் நினைக்கிறது. பார்சல் கொண்டுவரும் பையனும் அப்படித்தான் போகிறான். தினமும் வெற்றி! பிறகு எப்படி நிறுத்தும்?

சாப்பாட்டு நேரத்தில் குரைக்கிறது. "சனியனே, இந்தா!" என்று ஒரு பிஸ்கட்டைப் போடுகிறோம். கூலி கொடுத்தாகிவிட்டது.

"சும்மா இரு!" என்று கத்துகிறோம். எஜமானும் கூடச் சேர்ந்து குரைக்கிறார் என்று அதற்கு உற்சாகம். அதுவும் கூலிதான்!

தனியாகப் பூட்டப்பட்ட நாயின் கதை வேறு. எல்லாரும் வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் அது துணைக்கு ஆள் கேட்டுக் கத்துகிறது. இடி, பட்டாசுச் சத்தத்துக்கு வருவது பயத்தில் வரும் குரல். இந்த இரண்டுக்கும் மிரட்டல் மருந்தே அல்ல.

செய்ய வேண்டியது என்ன?

அதன் விவரம் வருமாறு:-

ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்குக் குரைத்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதன் பிறகு வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ஏழே நாளில் கூலி கொடுப்பது யார் என்று தெரிந்துவிடும்.

ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் குரைத்தால், ஜன்னலின் கீழ்ப் பாதிக்குத் திரை போடுங்கள். ஏறி நின்று பார்க்க உதவும் நாற்காலியை நகர்த்துங்கள். வாசல் சத்தம் கேட்காமல் இருக்க மெதுவாக ரேடியோவை ஓடவிடலாம்.

காலிங் பெல்லுக்குக் குரைத்தால், முன் அறையில் ஒரு பாயைப் போடுங்கள். பெல் சத்தத்தை மிகவும் மெதுவாக ஒலிக்கவிட்டு, உடனே பாயில் ஒரு தின்பண்டத் துண்டை வையுங்கள். தினமும் 5 நிமிடம் போதும். நாளாக ஆகச் சத்தத்தைக் கூட்டுங்கள். பெல் அடித்தால் வாசலுக்கு ஓடிய நாய், பாய்க்கு ஓடும். விரல் நகம் அளவு காரட், வேக வைத்த கோழித் துண்டு போதும். சாக்லெட், திராட்சை, வெங்காயம் கூடவே கூடாது. அவை நாய்க்கு விஷம்.

கேட்டுக் குரைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பேசாதீர்கள், தொடாதீர்கள். குரைப்பதை நிறுத்தியதும் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: முதல் சில நாள் முன்பைவிட அதிகமாகக் குரைக்கும். "நேற்று வரை கிடைத்ததே!" என்ற கோபம் அது. மூன்றாம் நாள் தாங்க முடியாமல் பிஸ்கட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் கெட்டது. இன்னும் பலமாகக் குரைத்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். அந்தச் சில நாளைப்பற்றி அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

தனிமைக்குப் பழக்கவும் படிப்படியாகப் போக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு அரை நிமிடம் வெளியே நில்லுங்கள். அழ ஆரம்பிக்கும் முன்பே திரும்பி வாருங்கள். பிறகு ஒரு நிமிடம், 5 நிமிடம் என்று கூட்டுங்கள். வேலைக்குப் போகும் முன்பு அரை மணி நேரம் நடக்க வைத்து, அது வேண்டிய மட்டும் முகர்ந்து பார்க்க விடுங்கள். களைத்த நாய் தூங்கும். வெயில் ஏறும் முன்பே கூட்டிப் போக வேண்டும். தார் ரோடு பாதத்தைச் சுட்டுவிடும்.

செய்யக் கூடாதது

அடிக்கக் கூடாது. அடி வாங்கிய நாய் குரைப்பதை விட்டுவிட்டு நேராகக் கடிக்கும். "குரைக்கிற நாய் கடிக்காது" என்பது பழமொழி. நாய்க்கு அது தெரியாது. பயந்த நாய் குரைத்துக்கொண்டே கடிப்பதும் உண்டு.

வாயைக் கயிற்றால் கட்டவே கூடாது. நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சென்னை வெயிலில் வாயைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து.

குரைத்தால் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டையை வேல்ஸ் நாட்டில் 2010-ல் தடை செய்துவிட்டார்கள். குரலைப் போக்கும் ஆபரேஷன் கூடாது என்று 1987-ல் ஏற்பட்ட ஐரோப்பிய ஒப்பந்தம் சொல்கிறது.

நோயாகவும் இருக்கலாம்

அமைதியாக இருந்த நாய் திடீரென்று ஓயாமல் குரைத்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். காது வலி, பல் வலிகூடக் காரணமாக இருக்கலாம். வயதான நாய் நடுராத்திரியில் சுவரைப் பார்த்துக் குரைத்தால், காது மந்தமோ மூளைத் தளர்ச்சியோ இருக்கலாம்.

சின்ன நாய்களுக்குத் தொண்டைக் குழாய் தளர்வது உண்டு. அப்போது வாத்து கத்துவதுபோல் இருமும். அதைக் குரைப்பு என்று நினைத்து அதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நாய்களுக்குக் கழுத்துப்பட்டை ஆகாது. மார்பைச் சுற்றிப் போடும் வார்ப்பட்டைதான் நல்லது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டலாம். அந்தக் கல்லூரி 1903 முதல் நடந்து வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, நாயை அடித்து வதைப்பது குற்றம். பட்டினி கிடக்கும்படி தெருவில் கைவிடுவதும் குற்றம். எந்நேரமும் கட்டிப்போட்ட நாயை நடக்க விடாமல் வைத்திருப்பதும் குற்றம்தான்!

குரைக்கிறது என்பதற்காகக் குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கத் தடை போடக் கூடாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-ல் சுற்றறிக்கை விட்டது. அதே சுற்றறிக்கை, ராத்திரி நேரத்தில் நாய் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள முயற்சி எடுக்க வேண்டும் என்று வளர்ப்பவருக்கும் சொல்லியிருக்கிறது.

ஆகவே, "பாட்டா பாடும்?" என்று கேட்ட அம்மாவுக்கும் வேலை இருக்கிறது. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு பாய், நாலு காரட் துண்டு போதும். நாளைக் காலை பால்காரர் வரும்போதே ஆரம்பித்துவிடலாம்.