பலாலிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

தேசப்படத்தை விரித்து வைத்து மாணவர்க்கு ஒரு கணக்குக் கொடுக்கலாம். பலாலி விமான நிலையம் வட அகலக்கோடு 9 பாகை 47 கலையில் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் 12 பாகை 59 கலையில். இரண்டும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்தவை. எனவே வேறுபாடு 192 கலை. அகலக்கோட்டில் ஒரு கலைக்கு ஒரு கடல்மைல் என்பது மாலுமிகளின் அளவு. ஆகவே தூரம் 192 கடல்மைல். ஏறக்குறைய 355 கிலோமீற்றர்.

நேரக் கணக்கு அத்துணை எளிதன்று. இவ்வழியிற் பறக்கும் ஏ.ரீ.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் செல்ல வல்லது. வகுத்துப் பார்த்தால் 43 நிமிடம். கால அட்டவணையோ ஒன்றேகால் மணித்தியாலம் ஒதுக்குகிறது. எஞ்சிய அரை மணித்தியாலம் எங்கே போயிற்று? விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைந்ததுமே அட்டவணையின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லவேண்டும். முறை வரும்வரை காத்து நிற்கவேண்டும். மேலேறும்போது வேகம் குறைவு. இறங்குமுன் காற்றின் திசை பார்த்து, வளைந்து, ஓடுபாதைக்கு நேராக வரவேண்டும். நெடும்பயணத்தில் இவை சில்லறைச் செலவுகள். குறும்பயணத்திலோ முதலையே தின்றுவிடுவன. திருச்சிராப்பள்ளி பலாலியிலிருந்து 185 கிலோமீற்றர்தான் (நெடுங்கோட்டு வேறுபாடும் சேர்வதால் இது மேல்வகுப்பாருக்குரிய கணக்கு). தூரம் பாதியாகியும், பயணத்துக்கு ஒரு மணித்தியாலம் அளவு செல்கிறது.

ஆனால் யாழ்ப்பாணத்தார் அறிந்த தூரம் வேறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் அமைத்த களம் பலாலி. 1947 டிசெம்பர் 10ஆந் திகதி எயர் சிலோனின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, இரத்மலானையிற் புறப்பட்டுப் பலாலியில் இறங்கியே சென்னை சென்றது. இலங்கையின் விமானச் சேவை தொடங்கியதே இவ்வழியில் என்பதை நம்மிற் பலர் மறந்துவிட்டோம். பின்னர் அச்சேவை நின்றது, போரும் வந்தது.

அதன்பின் சென்னை செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தார் செய்தது என்ன? வடக்கே போவதற்காகத் தெற்கே 400 கிலோமீற்றர் அளவு தரைவழி இறங்கி, கட்டுநாயக்காவில் விமானமேறி, 645 கிலோமீற்றர் வடக்கே பறந்தார்கள். கட்டுநாயக்காவையும் சென்னையையும் படத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டை ஊடறுத்தே செல்கிறது! தம் வீட்டுக் கூரைக்கு மேலாகப் போவதற்காக ஓர் இரவு முழுதும் பேருந்திற் குலுங்கினார்கள். நோயாளரும் முதியோரும் பட்ட பாட்டை எந்தப் பாகைமானியால் அளப்பது?

2019 அக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது; அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கிற்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்று அதனை நிறுத்தியது. 2022 டிசெம்பர் 12இல் மறுபடியும் விமானம் வந்திறங்கியது. திருச்சிராப்பள்ளிக்கான வழி 2025 மார்ச்சில் திறந்தது.