உப்புக் காற்றில் ஒரு வீட்டு சர்வர்

குடும்பப் படங்களையும் பத்திர நகல்களையும் கடைக் கணக்கையும் கூகுளிடம் ஒப்படைக்காமல் வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து போனில் பார்ப்பதுதான் வீட்டு சர்வர். நெக்ஸ்ட்கிளவுட், இமிச் போன்ற இலவச மென்பொருள்கள் இருப்பதால் சிரமம் அதிகமில்லை. எந்தப் பெட்டி வாங்குவது என்பதில்தான் தூத்துக்குடிக்காரர்கள் ஊரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

காரணம், கடற்காற்றில் வரும் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்துகள் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். அந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். விசிறி வைத்த கணினி நாளெல்லாம் இந்தக் காற்றை இழுத்து போர்டின்மேல் பூசிக்கொண்டிருக்கும். ஆகவே விசிறியில்லாமல், உலோக உடம்பின் வழியே சூட்டை வெளியேற்றும் சிறு பெட்டியே இங்கே உத்தமம். அலுவலகங்கள் கழித்துவிட்ட ‘தின் கிளையன்ட்’ என்ற சிறு கணினி சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியும் போதும். ஆனால் ஓயாமல் எழுதினால் மெமரி கார்டு சீக்கிரம் செத்துவிடும், எஸ்எஸ்டி மாட்டிவிடுங்கள்.

கரண்ட் பில்லும் இதையே சொல்கிறது. 10 வாட் பெட்டி இரண்டு மாதத்தில் 15 யூனிட்கூடத் தின்னாது. 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப், அரசு தரும் இலவச யூனிட்டில் 86-ஐ விழுங்கிவிடும்.

அடுத்தது திருடர்கள். 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், வாங்கியபோதிருந்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களை லட்சக்கணக்கில் பிடித்தது. அது முயன்று பார்த்தது சுமார் 60 கடவுச்சொற்களைத்தான்! எனவே சர்வரின் உள்நுழைவுப் பக்கத்தை நேரே இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். 2020இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்ட வயர்கார்ட் என்ற விபிஎன் (மறையாக்கம் செய்த தனிப்பாதை) வழியாக மட்டும் வாருங்கள். சரியான சாவியில்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே தராது. அங்கே ஏதோ இருக்கிறதென்றுகூடத் தெரியாது. ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் இணைப்பு என்றால் வெளியிலிருந்து வழி கிடைக்காது. கப்பலில் இருக்கும் மகன் படம் பார்க்க வேண்டுமானால், வாடகைக்கு ஒரு சிறு சர்வர் எடுத்து நடுவில் வைக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பிரதி ஒன்று வேற்றூரில் இருந்தாக வேண்டும். பக்கத்துத் திருச்செந்தூர் உதவாது, அங்கேயும் அதே மழைதான். மதுரையில் சித்தி வீடு இருந்தால் நல்லது. மறையாக்கம் செய்தே அனுப்புங்கள். அதைத் திறக்கும் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். சர்வருக்குள் மட்டும் இருந்தால், அது நனைந்த அன்று மதுரைப் பிரதியையும் திறக்க முடியாது.