வானும் தரையும் – 9: பதிவேட்டில் ஏறாத அதிர்வு

2018 ஒக்டோபர் 28 இரவு. பாலித் தீவின் டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்கு லயன் எயார் விமானம் ஒன்று கிளம்பியது. போயிங் 737 மேக்ஸ் ரகம். சேவைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எழும்பிய உடனேயே கப்டனின் கட்டுப்பாட்டுத் தண்டு அதிரத் தொடங்கியது. விமானம் தூக்குவிசையை இழந்து விழப்போகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அப்படி எந்த ஆபத்தும் உண்மையில் இல்லை. ஆனாலும் அதிர்வு ஜகார்த்தா வரை ஓயவில்லை. விமானத்தின் மூக்கும் தானாகக் கீழே சாய்ந்துகொண்டிருந்தது. சாய்க்கும் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்து, கைச்சக்கரத்தைச் சுழற்றியே விமானிகள் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இறங்கியதும் கப்டன் ‘டெக் லாக்’கை எடுத்தார். விமானிக்கும் பராமரிப்புப் பொறியியலாளருக்கும் பொதுவான பதிவேடு அது. பறக்கும்போது கண்ட குறையை விமானி எழுதுவார்; செய்த திருத்தத்தைப் பொறியியலாளர் அதன்கீழ் எழுதிக் கையொப்பமிடுவார்; அடுத்த விமானி அதை வாசித்து விமானத்தைப் பொறுப்பேற்பார். பெரும்பாலும் இந்த மூவரும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. ஒருவர் உறங்கப் போன பிறகுதான் மற்றவரின் வேலை தொடங்குகிறது.

வேகமும் உயரமும் காட்டும் கருவிகள் முரண்பட்டதையும், ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்ததையும் கப்டன் எழுதினார். தண்டு வழிநெடுக அதிர்ந்ததை எழுதவில்லை. மோட்டாரை நிறுத்த நேர்ந்ததையும் எழுதவில்லை.

பொறியியலாளர்கள் எழுதியிருந்ததைத் தேடிப் போனார்கள். காற்றழுத்தக் குழாய்களை ஊதிச் சுத்தம் செய்தார்கள். ஒரு மின் இணைப்பைத் துடைத்துப் பொருத்தினார்கள். தரையில் சோதித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. மறுநாள் காலை 6.20க்கு அதே விமானம் வேறு விமானிகளுடன் புறப்பட்டு, கால் மணி நேரத்துக்குள் ஜாவாக் கடலில் விழுந்தது. இருந்த 189 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

பழியை அந்தப் பதிவேட்டின் மேல் மட்டும் போடுவது நியாயமல்ல. ஒரே ஓர் உணர்கருவியை நம்பி மூக்கைக் கீழே தள்ளும் மென்பொருளை வடிவமைத்தது போயிங். டென்பசாரில் புதிதாகப் பொருத்திய அந்த உணர்கருவியோ 21 பாகை பிசகிக் காட்டியது. ஆனால் 2019 ஒக்டோபரில் வெளியான இந்தோனேசிய விசாரணை அறிக்கை அடுக்கிய ஒன்பது காரணங்களில், பதிவேட்டில் விடுபட்ட தகவலும் ஒன்று.

2005 ஓகஸ்ட் 14 அன்று சைப்பிரசின் லார்னாக்காவில் நடந்தது இதன் மறுபக்கம். ஹீலியோஸ் விமானத்தின் பின்கதவில் சத்தம் கேட்கிறது என்று இரவு வந்த விமானிகள் எழுதியிருந்தார்கள். காற்றழுத்தக் கசிவைச் சோதிக்கப் பொறியியலாளர் ஒரு குமிழைக் கைமுறை நிலைக்குத் திருப்பினார். சோதனை முடிந்தது பதிவேட்டில் ஏறியது. குமிழ் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காலை விமானிகளும் கவனிக்கவில்லை. ஏறும்போது எச்சரிக்கை ஒலித்தது. கப்டன் தரைக்கு வானொலியில் பேசினார். அழுத்தக் குமிழ் தானியங்கி நிலையில் இருக்கிறதா என்று பொறியியலாளர் கேட்டார். கப்டனோ மின்சுற்று முறிப்பான்கள் எங்கே என்று திருப்பிக் கேட்டார். சரியான கேள்வி வந்தும் அதற்குப் பதில் வரவில்லை. ஒட்சிசன் குறைந்து நினைவிழந்தவர்களைச் சுமந்து பறந்த விமானம் கிரேக்க மலையில் மோதி, 121 பேர் இறந்தார்கள்.

எழுத்தில் மட்டுமல்ல, சைகையிலும் இந்த ஆபத்து உண்டு. 2015 டிசம்பர் 16 இரவு, மும்பையில் ஹைதராபாத் செல்லவிருந்த எயார் இந்தியா விமானத்தைப் பின்தள்ளும் வேலையில் நின்ற பராமரிப்பு ஊழியர் ஒருவர் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். துணை விமானி சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதே முதலில் வந்த தகவல்.

விமானப் பராமரிப்பில் தவறு விளைவிக்கும் பன்னிரண்டு மனிதக் காரணங்களை 1993இல் கனடாவின் கோர்டன் டுபோன்ட் தொகுத்தார். முதலாவதாக அவர் வைத்தது தகவல் பரிமாற்றக் குறைவை. விமானி தான் உணர்ந்ததை எழுதுகிறார். பொறியியலாளர் கருவியும் குறியீடும் சொல்வதைத் தேடுகிறார். குறையை எழுதினால் விமானம் நின்றுவிடும், அட்டவணை குலையும் என்ற நெருக்கடி வேறு. எழுதியவரைக் கடிந்துகொள்ளும் நிறுவனத்தில் அடுத்தவர் எழுதத் தயங்குவார். இருவரும் ஒன்றாக அமர்ந்து பயிற்சி பெறவும், எழுதியதற்காக யாரும் தண்டிக்கப்படாதிருக்கவும் நிறுவனங்கள் வழிசெய்யத்தான் வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கென்று இலண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் கட்டுநாயக்கவில் வந்து இறங்குகின்றன. சென்னையிலிருந்து பலாலிக்குச் சிறிய ஏடிஆர் விமானத்தில் வருவோரும் உண்டு. தேருக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற தவிப்பு எல்லோருக்கும் இருக்கும். அந்த நேரத்தில், பராமரிப்புப் பதிவு இன்னும் முடியவில்லை, சற்றுப் பொறுங்கள் என்று கப்டன் அறிவித்தால், தயவுசெய்து பணிப்பெண்ணிடம் கோபப்படாதீர்கள். அவர்கள் எழுதி முடிக்கட்டும்.