அட்டையின் பின்புறம்

அமெரிக்க தேசத்தில் 1950-களில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்தவர்கள், ஒரு சென்ட் காசைக் கடைக்காரரிடம் கொடுத்து, வாங்கிய சிறு பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்த சூயிங்கத்தை வாயில் போட்டுக்கொண்டு, கூட வந்த வர்ண அட்டையில் எந்தப் பேஸ்பால் ஆட்டக்காரரின் முகம் இருக்கிறதென்று ஆவலோடு பார்ப்பார்கள். அந்த முகங்களைப் புகழ்ந்தவர்கள் அநேகர். நான் சொல்ல விரும்புவது அட்டையின் பின்புறத்தைப் பற்றி. ஒரு மனிதர் எந்த ஊரில் எப்போது பிறந்தார், எவ்வளவு உயரம், எந்தக் கையால் பந்தை அடிப்பார், எந்தக் கையால் எறிவார் என்ற விவரங்களும், அவருடைய ஜீவிய சரித்திரத்தைச் சில வாக்கியங்களில் அடக்கிய ஒரு குறிப்பும், ஆட்டக் கணக்கும் சேர்ந்த அந்தப் பகுதியை, பத்து வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்ட ஒரு தனி இலக்கிய வகையாகவே நான் மதிக்கிறேன்.

ஆதியில் இவ்வட்டைகள் சிகரெட்டுப் பெட்டிகளோடு வந்தவை. பிற்பாடுதான் மிட்டாய்க்காரர்கள் வசமாயின. 1948 முதல் பிலடெல்பியா நகரத்து போமன் கம்பெனி சூயிங்கத்தோடு அட்டைகளை விற்று வந்தது. அதற்குப் போட்டியாகக் கிளம்பிய புரூக்ளினின் டாப்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த சை பெர்கர் என்ற வாலிபர், இரண்டாம் உலக யுத்தத்தில் சேவை செய்து திரும்பியவர், 1951-ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில் தம் வீட்டுச் சமையலறை மேஜையின்மேல் அட்டைத் துண்டுகளையும் கத்தரிக்கோலையும் பரப்பி வைத்துக்கொண்டு, முன்புறத்தில் வர்ணப் படமும் கையொப்பமும் அணியின் சின்னமும், பின்புறத்தில் சரித்திரமும் கணக்கும் என்று வகுத்த அமைப்பே, மறுவருஷம் 407 அட்டைகள் கொண்ட பெரும் வரிசையாக வெளிவந்தது. இரு கம்பெனிகளும் ஆட்டக்காரர்களின் சம்மதத்துக்காகப் போட்டியிட்டு வழக்காடியதில், ஒருவருடைய உருவத்தின் வியாபார மதிப்பு அவருக்கே சொந்தமான உரிமை என்ற புதிய சட்டக் கொள்கை 1953-இல் பிறந்தது. 1956-இல் போமனை டாப்ஸ் விலைக்கு வாங்கிவிட்டது.

இனி, கணக்கைப் படிக்கும் விதம். கிரிக்கெட்டின் சராசரியை அறிந்த நமக்கு, .300 என்ற எண் முதலில் விளங்காது. பந்தை அடிக்க முறைப்படி கிடைத்த ஆயிரம் சந்தர்ப்பங்களில் முந்நூறில் வெற்றிகரமாக அடித்தார் என்பதே அதன் பொருள். பத்துக்கு ஏழு முறை தோற்பவரும் அந்த ஆட்டத்தில் சிரேஷ்டர். ஓக்லஹாமா மாகாணத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகனும், இரு பக்கமும் நின்று அடிக்க வல்லவருமான மிக்கி மேன்டில், 1956-இல் .353 சராசரியும் பந்தை எல்லைக்கு அப்பால் அடிக்கும் 'ஹோம் ரன்' 52-உம் எடுத்தார். அவருடைய 1952-ஆம் வருஷத்து 311-ஆம் எண் அட்டை, பருவம் முடியும் தறுவாயில் வெளிவந்ததால் விலை போகாமல் கட்டுக் கட்டாகத் தேங்கி, சில வருஷங்களுக்குப் பின் படகில் ஏற்றிக் கடலில் கொட்டப்பட்டது என்பதும், தப்பிய பிரதிகளுள் ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று என்பதும் எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு அந்த விலையைவிட, பிள்ளைகள் உரக்க வாசித்து மனப்பாடம் செய்த எண்களே பெரிதாகத் தோன்றுகின்றன.

1957 முதல் டாப்ஸ் அட்டைகளில் வருஷவாரியாக முழுக் கணக்கும் அச்சாயிற்று. அதில் எண்கள் நின்றுபோகும் இடங்கள் உண்டு. 1941-இல் .406 என்ற அரிய சராசரியைத் தொட்ட டெட் வில்லியம்ஸுக்கு 1943, 1944, 1945 ஆகிய மூன்று வருஷங்களிலும் கணக்கே இல்லை. கடற்படையின் விமானிச் சேவை அவற்றைக் கொண்டுபோயிற்று. பின்னர் கொரியா யுத்தம் வேறு. வில்லி மேஸுக்கோ 1953 முழுவதும் ராணுவத்தில் கழிந்தது. மறுவருஷமே திரும்பி வந்து .345 எடுத்துத் தம் லீகில் முதல்வரானார். தேசத்தின் சரித்திரத்தை அந்தப் பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்கு முன்பே அந்த வெற்றிடங்களில் அறிந்தார்கள் என்று எண்ணுகிறேன். கம்யூனிஸ்ட் பயம் மிகுந்திருந்த அந்தக் காலத்தில், சின்சினாட்டி நகரத்து 'ரெட்ஸ்' ('சிவப்பர்', கம்யூனிஸ்டுகளுக்கும் அதே பெயர்) அணி தன் பெயரையே 'ரெட்லெக்ஸ்' என்று மாற்றிக்கொண்டது. அந்தப் பெயரும் அட்டைகளில் ஏறியது.

பிழைகளும் உண்டு. 1957-ஆம் வருஷத்து அட்டையில் படம் இடவலம் மாறி அச்சானதால், வலது கை ஆட்டக்காரரான ஹாங்க் ஆரன் இடது கைக்காரராக நிற்கிறார். இது அச்சகத்தின் கவனக்குறைவு, மன்னிக்கலாம். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரோபர்ட்டோ கிளமென்ட்டே விஷயம் அப்படியல்ல. 1955-லும் 1956-லும் தம் சொந்தப் பெயரோடு தோன்றிய அவரை, அடுத்த வருஷம் முதல் 1969 வரை 'பாப்' என்றே அட்டைகள் அழைத்தன. ஸ்பானிஷ் பாஷையில் தாய் தந்தையர் இட்ட பெயரைச் சொல்ல நாவுக்குச் சிரமம் என்று பிறர் வேறொரு பெயரைச் சூட்டுவதை நான் சிறு விஷயமாகக் கருதவில்லை.

எல்லாவற்றையும்விட என் மனத்தில் நிற்பது 1953-ஆம் வருஷத்து சாட்சல் பேஜின் அட்டை. சித்திரக்காரர் தீட்டிய அருமையான முகம். கீழே பெயரில் மட்டும் ஓர் எழுத்து அதிகம். 1906-இல் அலபாமாவில் பிறந்த அந்தக் கறுப்பர், 1920-களிலேயே பந்து வீச ஆரம்பித்தவர். வெள்ளையர் லீகுகளின் கதவு 1947-இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பருக்குத் திறக்கும் வரையில், நீக்ரோ லீகுகள் என்று அப்போது வழங்கப்பட்டவற்றிலும், ஊர் ஊராகச் சுற்றிய ஆட்டங்களிலும் தம் யௌவனத்தையெல்லாம் செலவிட்டு, 1948-இல், தமது நாற்பத்திரண்டாம் வயதில்தான் பெரிய லீகில் கால் வைத்தார். ஆகையால் அட்டையின் பின்புறத்தில் 'வாழ்நாள்' என்ற தலைப்பின் கீழ் சேரக்கூடிய கணக்கு நான்கு பருவங்களுக்கு மட்டுமே: 25 வெற்றி, 22 தோல்வி. அதற்கு முந்திய இருபது வருஷத்து வீச்சுக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை.

2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் 1920 முதல் 1948 வரை நடந்த அந்த நீக்ரோ லீகுகளையும் பெரிய லீகுகளாக ஏற்றது. 2024-இல் அவற்றின் எண்கள் அதிகாரபூர்வமான பதிவோடு சேர்ந்தன. பேஜ் 1982-லேயே காலமாகிவிட்டார்.